கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

பாப்பா, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரியும் ஃபேன் என்று வரிசையாகப் போய், கடைசி வரியில் ‘ஓஎஸ் – ஃப்ரீ’ என்று முடிகிறது. நாம் பேச வேண்டியது அந்தக் கடைசி வரியிலிருந்துதான்.

கடையில் கேட்கும் முதல் கேள்வி ‘பட்ஜெட் எவ்வளவு?’ இரண்டாவது கேள்வி ‘ஐ5 போதுமா, ஐ7 போடவா?’ இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் கடைக்காரரிடம் மீந்திருக்கும் சரக்கு நம் வீட்டுக்கு வந்து சேரும். நீ போக வேண்டிய வரிசை வேறு. யாருக்கு என்ன வேலை, அந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேர், அது எந்த ஓஎஸ்ஸில் ஓடும், அந்த ஓஎஸ்ஸுக்கும் வேலைக்கும் சேர்த்து எந்த ஹார்டுவேர். கீழே இருக்கும் எல்லாமே இந்த வரிசையில்தான் வருகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்காதே.

1. முதலில் நோட்டை எடு, கடைக்கு அப்புறம் போகலாம்

வீட்டில் யார் யார் உட்காரப் போகிறீர்கள் என்று எழுது.

அப்பா: கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புக் டிசைன். சிவகாசியில் எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான். பழைய வேலைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன.

நீ: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்போது சி, பைத்தான். பிறகு டேட்டாபேஸ், வெப், நெட்வொர்க்.

தம்பி: பிளஸ் ஒன். அவன் பாடப்புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. அடுத்த வருஷம் பைத்தான் வரும். அவனுடைய உண்மையான தேவை கேம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

அம்மா: யூடியூப், வீடியோ கால், கரண்ட் பில். பிரவுசர் திறந்தால் போதும், எந்த ஓஎஸ் ஆனாலும் அவருக்குக் கவலையில்லை.

இந்தப் பட்டியலில் வருமானம் வரும் வேலை எது? அப்பாவுடையது. அதுதான் முதல் ஓஎஸ்ஸை முடிவு செய்யும். மற்றவர்கள் தேவையை அதன் மேல் பொருத்திக்கொள்ளலாம்.

2. அப்பாவுக்கு விண்டோஸ், அதில் விவாதம் வேண்டாம்

லினக்ஸ் மேல் உனக்கு ஆசை இருப்பது தெரியும், எனக்கும் உண்டு. ஆனால் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கப் பார்க்கும். ஆனால் எழுத்தும் அடுக்கும் இருந்தபடியே வரும் என்று நம்பி ஓர் ஆர்டரை ஒப்புக்கொள்ள முடியாது. ஸ்கிரைபஸ் நல்ல சாஃப்ட்வேர், அச்சுக்கான நான்கு வண்ணப் பிரிப்பில் பிடிஎஃப் கொடுக்கும். ஆனால் பிரஸ்காரர் ‘ஒரு வரி மாத்தணும், கோரல் ஃபைல் அனுப்புங்க’ என்று கேட்கும்போது அது உதவாது.

விண்டோஸ் என்றால் விண்டோஸ் 11. ‘10 போட்டுத் தர்றேன், அதுதான் ஸ்மூத்தா ஓடும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைதான். புதிதாகச் சேர்க்கும் மெஷினை, முடிந்துபோன ஓஎஸ்ஸில் ஆரம்பிக்கக் கூடாது.

விண்டோஸ் 11 சில நிபந்தனைகள் வைக்கிறது: 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0. ராமும் இடமும் பெரிய விஷயமில்லை. டிபிஎம் என்பது பாஸ்வேர்டு, சாவி போன்றவற்றைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. இப்போது வரும் போர்டுகளில் தனி சிப் வாங்க வேண்டியதில்லை. பயாஸில் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்தால் போதும். பிராசஸருக்கும் ஒரு பட்டியல் உண்டு: இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும். பொதுவாக இதற்கு முந்தைய பிராசஸர்கள் பட்டியலில் இல்லை. இந்த ஒரு விதி, கடையில் உன்னைப் பெரிய ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றும். ஆறாவது டிப்ஸில் சொல்கிறேன்.

3. ‘ஓஎஸ் ஃப்ரீ’ என்றால் என்ன என்று கேள்

விண்டோஸ் இலவசமில்லை. கொட்டேஷனில் இலவசம் என்று இருந்தால், கிராக் செய்த காப்பியைப் போட்டுத் தரப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள். கிராக் செய்யும் ஆக்டிவேட்டர்களில் பல, முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதன் பிறகு உள்ளே வந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீயும் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கீ, இன்று ஆக்டிவேட் ஆகி நாளை நின்றுபோகலாம். ஹோம் பதிப்பு நம் வீட்டுக்குப் போதும், புரோ தேவையில்லை. வாங்கும்போது ரீடெய்லா ஓஇஎம்மா என்று கேள். ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. பின்னால் போர்டு மாற்றினால் கூடவே வராது. ரீடெய்ல் விலை கூடுதல், ஆனால் அடுத்த மெஷினுக்கு எடுத்துப் போகலாம். எதுவானாலும் இந்தச் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுது. கோரல், போட்டோஷாப் லைசென்ஸும் அப்படியே.

4. உனக்கு லினக்ஸ்: மூன்று வழி இருக்கிறது

முதல் வழி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ். மைக்ரோசாஃப்டே தரும் டபிள்யூஎஸ்எல் வசதியில் உபுண்டுவைப் போட்டுக்கொள்ளலாம். சி கம்பைலர், பைத்தான், கிட், டேட்டாபேஸ் எல்லாம் அதில் ஓடும். முதல் வருஷப் பாடத்துக்கு இதுவே போதும். அப்பாவின் விண்டோஸைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது, விர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸுக்குள் ஒரு முழு மெஷினையே சாஃப்ட்வேராக உருவாக்கி அதில் லினக்ஸ் போடுவது. உடைத்துப் பார்க்க, திருப்பிப் போட, இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ராம் மட்டும் தாராளமாக வேண்டும்.

மூன்றாவது, டூயல் பூட். ஆன் செய்யும்போது எந்த ஓஎஸ் என்று தேர்ந்தெடுப்பது. ஹார்டுவேர், டிரைவர், பூட் ஆகும் விதம் இதெல்லாம் கையில் பழக வேண்டுமானால் இதுதான் வழி. ஆனால் ஒரு கண்டிப்பு: ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் போடாதே. லினக்ஸுக்கு என்று ஒரு சின்ன எஸ்எஸ்டி தனியாக வாங்கு. பார்ட்டிஷன் பிரிக்கும்போது கை தவறினால் அப்பாவின் காலண்டர் சீசன் போய்விடும்.

என் யோசனை: முதல் செமஸ்டருக்கு டபிள்யூஎஸ்எல். லீவில் தனி எஸ்எஸ்டி வாங்கி டூயல் பூட். அதற்கு முன்பே பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் ‘லைவ்’வாக ஓட்டிப் பார். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். 8 ஜிபி பென் டிரைவ் போதும்.

5. எந்த லினக்ஸ் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே

நூறு வகை இருக்கிறது. உனக்கு இரண்டு பெயர் போதும்: உபுண்டு எல்டிஎஸ், லினக்ஸ் மின்ட்.

உபுண்டுவின் பதிப்பு எண்ணே அது வெளிவந்த ஆண்டும் மாதமும். 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ். அதற்கு 5 ஆண்டு வழக்கமான ஆதரவு. நடுவில் வருபவற்றுக்கு ஆதரவு சில மாதங்கள்தான், அவற்றைத் தொடாதே. லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு உண்டு. டாஸ்க்பார், மெனு எல்லாம் விண்டோஸ் பழகியவர்களுக்குக் கைக்கு வாகாக இருக்கும். அம்மாவும் தடுமாற மாட்டார்.

தமிழ் டைப்பிங் பற்றிக் கேட்டிருந்தாய். விண்டோஸ் 11-இல் தமிழ்99-உம் ஒலியியல் விசைப்பலகையும் கூடவே வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போட்டால் இரண்டும் கிடைக்கும். எந்தப் பக்கம் போனாலும் தமிழ்99 பழகிக்கொள், விரல் ஒன்றுதான். அப்பாவின் பழைய எழுத்துருக்கள் மட்டும் விண்டோஸ் பக்கமே இருக்கட்டும்.

தம்பியிடம் ஒன்று சொல்லிவிடு. ஸ்டீமில் உள்ள புரோட்டான் தயவால் ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலும் ஓடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 நேரடியாகவே ஓடும். வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. காரணம் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேர். வேலரன்ட் விண்டோஸ் 11-இல்கூட டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருந்தால்தான் திறக்கும். ஆக அவன் விண்டோஸ் பக்கம்தான்.

6. பிராசஸர் பெயரை வாசிக்கக் கற்றுக்கொள்

‘ஐ7 சிஸ்டம், அடிமாட்டு விலை’ என்று போர்டு பார்ப்பாய். ஐ7 என்பது பாதிப் பெயர்தான். பின்னால் வரும் எண்ணைக் கேள். 3770 என்று சொன்னால் முதல் எண் 3, மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. 2600 என்றால் அதற்கும் முந்தைய ஆண்டு. 12400 என்றால் முதல் இரண்டு எண், 12-ஆம் தலைமுறை. பழைய பிராசஸரைக் கழற்றி, எச்61 மாதிரி போர்டில் மாட்டி, புது கேபினெட்டில் வைத்து விற்பது நம் சந்தையில் சகஜம். பார்க்கப் புதுசாக இருக்கும். விண்டோஸ் 11 பட்டியலில் இருக்காது. இரண்டாவது டிப்ஸில் சொன்ன எட்டாம் தலைமுறை விதியை இங்கே பிடித்துக்கொள்.

அடுத்து, கடைசி எழுத்து. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ‘கே’ என்று முடிந்தால் பெட்டியில் கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். ஏஎம்டியில் ‘ஜி’ என்று முடிவதில் நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும். 5600 என்று வெறுமனே இருந்தால் கிராஃபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. ஓர் எழுத்துதான், ஒரு கார்டு விலை வித்தியாசம்.

நம் வீட்டுக்கு என் தேர்வு மூன்று:

ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி: 6 கோர், 12 த்ரெட், 65 வாட். ஏஎம்4 போர்டு, டிடிஆர்4 ராம். கார்டு இல்லாமலே தம்பியின் சின்ன கேம்கள் ஓடும். இந்த சாக்கெட்டில் இனி மேலே ஏற இடம் குறைவு என்பது தெரிந்தே வாங்கு.

இன்டெல் ஐ5 12400, எஃப் இல்லாதது: இதுவும் 6 கோர், 12 த்ரெட். அப்பாவின் வேலைக்குத் தாராளம். உள் கிராஃபிக்ஸ் 5600ஜி அளவுக்குக் கேம் தாங்காது.

ரைசன் 5 8600ஜி: ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் மட்டும். செலவு கூடும். ஆனால் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நீ படித்து முடிக்கும்போது பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும்.

பட்ஜெட் இறுக்கமென்றால் முதலாவது. நாலு வருஷம் கழித்தும் இதையே வளர்க்கப் போகிறாய் என்றால் மூன்றாவது. எதை எடுத்தாலும் சீல் உள்ள பெட்டியோடு வாங்கு. பெட்டி இல்லாமல் வரும் ‘ட்ரே பீஸ்’ விலை குறைவு, வாரண்டியும் குறைவு.

7. மதர்போர்டில் பார்க்க வேண்டியது

பிராசஸரின் சாக்கெட்டும் போர்டின் சாக்கெட்டும் ஒன்றா என்பது முதல் கேள்வி. ராம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பது இரண்டாவது. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு இரண்டு வகை போர்டும் வருகின்றன, ஒன்றில் மற்றதன் ராம் உட்காராது. மூன்றாவது, எம்.2 ஸ்லாட் எத்தனை. விலை குறைந்த ஏ520, எச்610 போர்டுகள் பலவற்றில் ஒன்றுதான் இருக்கும். அப்படியானால் உன் லினக்ஸுக்கு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளலாம், குறையொன்றுமில்லை. நான்காவது, போர்டு வந்த பிறகு வெளியான பிராசஸரை மாட்டப் போகிறாய் என்றால், பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல். இல்லாவிட்டால் வீட்டில் ஆன் செய்ததும் ஃபேன் மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும்.

வைஃபையையும் இங்கேயே பார். நிறைய போர்டுகளில் இருக்காது. ரௌட்டர் பக்கத்தில் இருந்தால் கேபிள் போட்டுவிடு, அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. வைஃபைதான் வேண்டுமென்றால், இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டு லினக்ஸில் போட்டவுடன் ஓடும். மலிவான யூஎஸ்பி டாங்கிள்களில் பல, டிரைவர் தேடி அலைய வைக்கும். எதிர்காலத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போதும் இதே கணக்கு: ஏஎம்டி கார்டின் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, என்விடியாவுக்குத் தனியாகப் போட வேண்டும், செக்யூர் பூட் ஆன் என்றால் கூடுதலாக ஒரு படி இருக்கும்.

8. ராமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ராம். ஒரே 16 ஆக வாங்காதே, 8-8 ஆக இரண்டு வாங்கு. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்டிக் இருந்தால் இரண்டு பாதையில் ஓடும். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் போன மாதக் கொட்டேஷனை நம்பாதே, வாங்கும் அன்று கேள். கட்டுப்படியாகவில்லையென்றால் ஒரு 8 மட்டும் வாங்கி, அதே மாடலை இன்னொன்று பிறகு சேர்.

எஸ்எஸ்டிக்கு வேகம் பார்த்து மயங்காதே. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை, ஜென்3 என்விஎம்இ 3,500 எம்பி வரை, ஜென்4 7,000 எம்பி வரை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் மெஷின் மறுபிறவி எடுக்கும். அதற்கு மேல் உள்ள வித்தியாசம் அப்பாவுக்கோ உனக்கோ அதிகம் தெரியாது. தவிர 5600ஜி பிராசஸர் ஜென்3 வரைதான் போகும். அதில் ஜென்4 எஸ்எஸ்டி போட்டுக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். விண்டோஸுக்கு 500 ஜிபி, லினக்ஸுக்கு 250 ஜிபி. லினக்ஸ் மின்ட் 20 ஜிபியில்கூட உட்காரும், 100 ஜிபி இருந்தால் வசதி.

பழைய மெஷினில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியாதே. ஒரு யூஎஸ்பி கேஸிங் வாங்கிப் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். வாரம் ஒருமுறை அப்பாவின் கோப்புகளை அதில் எடுத்து, கழற்றி, பீரோவில் வை. முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்திலும் இருக்கட்டும். பேக்கப் டிஸ்க்கை மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும்.

9. எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எர்த்

கொட்டேஷனில் ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று ஒரே விலை போட்டிருக்கிறார். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இதுதான். பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கருக்கு யாரும் பொறுப்பில்லை. அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் முத்திரை உள்ளதைத் தனியாக வாங்கு. கார்டு இல்லாத நம் மெஷினுக்கு 450 வாட்டே ஏராளம். தம்பிக்குப் பின்னால் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 550 அல்லது 650 எடு.

யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதே. பெட்டியில் 600 விஏ என்று இருந்தால் 600 வாட் என்று நினைக்காதே. அந்த வகையில் பலவற்றில் 360 வாட்தான். மெஷினுக்கும் மானிட்டருக்கும் அது போதும். வேலையை சேவ் செய்து ஷட் டவுன் பண்ண நேரம் கிடைத்தால் சரி, படம் பார்க்க அல்ல. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதே, சூடாகும்போது இழுக்கும் கரண்ட்டைத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பார். பின்புறம் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதில் வை.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் பார்க்கச் சொல். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கேபினெட்டில் கண்ணாடியைவிட முன்பக்க வலை முக்கியம். நம் ஊர் மே மாத வெயிலில் காற்று உள்ளே போய் வெளியே வந்தால்தான் பிராசஸர் பிழைக்கும். தூசு வடிகட்டி கழற்றிக் கழுவும் வகையா என்று பார்.

10. லைட்டுக்குப் போகும் பணம் மானிட்டருக்குப் போகட்டும்

அப்பா நாள் முழுக்கப் பார்க்கப் போவது இதைத்தான். 24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி வண்ணத்தை முழுமையாக ஒட்டிக் காட்டும் வகை. மலிவான டிஎன் பேனலில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே குங்குமச் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். திரை மூன்று வண்ண ஒளி, அச்சு நான்கு வண்ண மை. எவ்வளவு நல்ல மானிட்டரும் அச்சை அப்படியே காட்டாது என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் தப்பான மானிட்டர் தப்பான முடிவெடுக்க வைக்கும். அடுத்த கம்ப்யூட்டர் வந்தாலும் மானிட்டர் இதுவே இருக்கும்.

11. பில்

சென்னைக்கு வந்தால் ரிச்சி தெருவுக்குச் சேர்ந்தே போவோம். மதுரையில் வாங்கினாலும் சரி, ஆன்லைன் என்றாலும் சரி, ஜிஎஸ்டி பில் கட்டாயம். 18 சதவீதம் மிச்சம் பிடிக்க ‘பில் இல்லாம ஒரு ரேட்’ என்று சொல்வார்கள். மூன்று வருஷ வாரண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறாய் என்று அர்த்தம். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். வாரண்டி கடையிலா, கம்பெனி சர்வீஸ் சென்டரிலா, அது எந்த ஊரில் என்று கேட்டு எழுதிக்கொள். பெட்டிகளையும் மதர்போர்டு சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் பத்திரமாக வை. மூடி இல்லாமல் போர்டைத் திருப்பி எடுக்க மறுக்கும் இடங்கள் உண்டு.

12. அசெம்பிள் பண்ணும் நாள்

மேஜை மேல் செய், பாயில் உட்கார்ந்து வேண்டாம். தொடங்கும் முன் ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக்கை இறக்கு. ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டில். எங்கே இருந்தாலும் விரல் படக் கூடாது. முக்கோணக் குறியை முக்கோணத்துக்கு நேராக வைத்தால் தானாக உட்காரும். அழுத்த வேண்டி வந்தால் ஏதோ தப்பு, நிறுத்து.

நாலு ராம் ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு. கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் தடவாதே. கூலர் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் மாட்டு. போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான 8 பின் பவரை மறக்காதே. ‘ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வரல’ என்று வரும் கேஸ்களில் பாதி இதுதான். கேபினெட்டில் மாட்டுவதற்கு முன் வெளியே வைத்தே ஒருமுறை ஆன் செய்து பார்.

பயாஸில் மூன்று வேலை: டிபிஎம் ஆன், செக்யூர் பூட் ஆன், ராமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ. கடைசியைச் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ராம் வேகம் குறைந்துதான் ஓடும்.

13. இன்ஸ்டால் வரிசை

முதலில் விண்டோஸ். அப்போது லினக்ஸுக்கான எஸ்எஸ்டியை மாட்டவே வேண்டாம். விண்டோஸ் முடிந்து, அப்டேட் முடிந்து, அப்பாவின் சாஃப்ட்வேர் ஓடுகிறதென்று பார்த்த பிறகு, அணைத்து, விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி, மற்றதை மாட்டி லினக்ஸ் போடு. பிறகு இரண்டையும் சேர்த்து மாட்டினால், ஆன் செய்யும்போது பூட் மெனுவில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்றதற்கு ஆபத்தில்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் புதிய விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைக்கும். அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி பில்லோடு வை. பயாஸில் எதையாவது மாற்றினால் அது கேட்கலாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடு. இல்லையென்றால் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகும். லினக்ஸிலிருந்து திரும்பும்போது விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்படாதே. ஒன்று உலக நேரத்தையும் மற்றது உள்ளூர் நேரத்தையும் போர்டில் எழுதுகின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்.

14. பணம் பத்தவில்லையென்றால் எதை வெட்டுவது

இந்த வரிசையில் வெட்டு. முதலில் லைட் ஃபேன், கண்ணாடி கேபினெட். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. ‘ஜி’ பிராசஸர் இருக்கும்வரை அது அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். அடுத்து உன் லினக்ஸ் எஸ்எஸ்டி, டபிள்யூஎஸ்எல் இருக்கிறதே. அடுத்து இரண்டாவது ராம் ஸ்டிக். அதற்கும் பிறகு பிராசஸரில் ஒரு படி இறங்கு.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், மானிட்டர், விண்டோஸ் லைசென்ஸ், பேக்கப் டிஸ்க் ஐந்திலும் கை வைக்காதே. இவை ஐந்தும் இருந்தால் இந்த மெஷின் அப்பாவுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். மிச்சத்தை அந்தச் சம்பாத்தியத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். தம்பியிடம் இதை நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டைக்கு வருவான்.